சொந்தத் திடலில் வென்ற கிண்ணம்
மெர்டேக்கா காற்பந்துப் போட்டி நமக்குக் கற்பிக்கும் பாடம்

கிள்ளான் பழைய சாலையை ஒட்டி, பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதியில் அமைந்துள்ளது கம்போங் மேடான். "மேடான்" என்னும் மலாய்ச் சொல்லுக்குத் திடல், திறந்த வெளி என்பது பொருள். நாம் வழங்கும் "மைதானம்" என்னும் சொல்லும் அதற்கு உறவுடையதே. இரண்டும் பாரசீகத்தின் "மைதான்" என்னும் சொல்லின் வழிவந்தவை. ஆகவே கம்போங் மேடான் என்றால் திடல் கிராமம் எனக் கொள்ளலாம். தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. முதலில் பலகை வீடுகளில் வாழ்ந்து, பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின.

அண்மையில் ஒரு மாலை வேளையில் அவ்வூரில் காற்பந்தைப் பற்றிச் சிற்றுரை ஆற்றச் சென்றிருந்தேன். மெர்டேக்கா கிண்ணத்தை 1958-ஆம் ஆண்டு மலாயா வென்ற வரலாற்றைச் சொல்லி முடித்ததும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "சார், நம்ம ஊர்லயே ஆடினாங்க, நம்ம கூட்டம், நம்ம திடல். அதனாலதானே ஜெயிச்சாங்க? இதில் என்ன பெருமை?" என்று கேட்டார்.

நான் விடை கூறுமுன், பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். "தம்பி, பழகின நிரைன்னு மரம் தானாப் பால் கொடுத்திடுமா? விடியறதுக்கு முன்ன நீ போகணும். உளி தீட்டி இருக்கணும். பட்டையைப் பார்த்து வெட்டணும். நிரை நம்மது, வேலையும் நம்மதுதான்" என்றார்.

கூட்டம் சிரித்து மகிழ்ந்தது. எனினும் இளைஞரின் கேள்வி நல்ல கேள்வி. பெரியவரின் விடையும் ஆழ்ந்த விடை. போட்டியை நடத்தும் நாடே அதில் வெற்றி பெறுவது எவ்வாறு? இவ்வினாவை ஆராய்வதே இம்மாதப் பாடத்தின் நோக்கம்.

சுதந்திரத்தோடு பிறந்த போட்டி

1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மலாயா சுதந்திரம் பெற்றது. அந்நாளை முன்னிட்டுக் கோலாலம்பூரில் ஓர் அரங்கம் எழுப்பப்பட வேண்டும் என்பது துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் விருப்பம். பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஸ்டான்லி ஜுக்ஸ் அதனை வடிவமைத்தார். ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் வேலை முடிந்தது. சுமார் 20,000 பேர் அமரத்தக்க மெர்டேக்கா அரங்கை ஆகஸ்டு 30-ஆம் நாள் துங்கு திறந்துவைத்தார். மறுநாள் காலை அதே அரங்கில் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்து, "மெர்டேக்கா" என ஏழு முறை முழங்கினார்.

அச்சுதந்திரக் கொண்டாட்டங்களின் ஒரு பகுதியாகத் தொடங்கியதே மெர்டேக்கா காற்பந்துப் போட்டி. "பெஸ்தா போலா மெர்டேக்கா" என மக்கள் அதனை அழைத்தனர். துங்கு 1951 முதல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர். 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் தலைவராகவும் பணியாற்றினார். புதிதாகப் பிறந்த நாட்டின் பெயரை அயல்நாட்டார் அறிய வேண்டுமாயின், அவர்களை நம் வீட்டுக்கு விருந்தினராக அழைக்க வேண்டும். அவ்வழைப்புக்குக் காற்பந்து ஏற்ற கருவியாயிற்று. அக்காலத்து ஆசியாவில் நாடுகள் ஆண்டுதோறும் கூடி ஆடும் போட்டிகள் அரிதாக இருந்தமையால், இப்போட்டியின் புகழ் விரைவில் பரவியது.

ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. முதலாண்டில், அதாவது 1957-இல், கிண்ணத்தை மலாயா வெல்லவில்லை. ஹாங்காங் அணியே அதனைத் தட்டிச் சென்றது. திடல் நம்முடையது, கூட்டம் நம்முடையது, சுதந்திரக் களிப்பும் நம்முடையது. இருந்தும் கிண்ணம் கடல் கடந்து போயிற்று. இளைஞரின் கேள்விக்கு இதுவே முதல் விடை.

மூன்றாண்டு வெற்றி

அடுத்த ஆண்டு, 1958-இல், மலாயா முதன்முறையாக மெர்டேக்கா கிண்ணத்தை வென்றது. 1959-இல் மீண்டும் வென்றது. அவ்வாண்டு இரண்டாம் இடம் பெற்ற நாடு இந்தியா என்பதை நம் வாசகர்கள் ஆர்வத்துடன் நோக்குவர். 1960-இல் மலாயாவும் தென்கொரியாவும் இறுதியாட்டத்தில் மோதின. இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை. ஆகவே கிண்ணம் இரு நாடுகளுக்கும் பொதுவாக வழங்கப்பட்டது.

இன்றைய இளைஞர்கள், "ஏன் பினால்டி உதையால் முடிவு காணவில்லை?" எனக் கேட்பர். அக்காலத்தில் அவ்விதி இல்லை. ஆட்டம் சமமாக முடிந்தால் மறு ஆட்டம் நடத்துவர், அல்லது கிண்ணத்தைப் பகிர்ந்தளிப்பர், அல்லது நாணயத்தைச் சுண்டியோ சீட்டுக் குலுக்கியோ வெற்றியாளரைத் தீர்மானிப்பர். குலுக்கலால் தோற்றவரின் மனம் எவ்வளவு புண்படும் என்பதை எண்ணிப் பாருங்கள். பினால்டி உதைகளால் முடிவு காணும் விதி 1970-இல்தான் உலகக் காற்பந்துச் சட்டத்தில் ஏற்கப்பட்டது. அவ்விதியைக் கொண்டுவர முயன்றவர்களுள் நம் நாட்டவரான கோ இவ் தெய்க் ஒருவர். அவர் உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் நடுவர் குழு உறுப்பினர். உலகக் கிண்ணப் போட்டிகளில் நாம் மூச்சடக்கிப் பார்க்கும் அந்த உதைகளுக்குப் பின்னால் ஒரு மலேசியரின் உழைப்பும் இருக்கிறது.

ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் மலாயா, சிலாங்கூர் அணிகளில் விளங்கிய ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பாருங்கள்: அப்துல் கனி மின்ஹாட், கோவிந்தராஜு, ஸ்டான்லி கேப்ரியல், ராபர்ட் சோ, ஆர்தர் கோ. மக்கள் கனியை "ராஜா போலா", அதாவது பந்தின் அரசர், எனப் போற்றினர். அவர் 2012-இல் மறைந்தார். மலாய்க்காரர், தமிழர், சீனர் என அவர்கள் பல இனத்தவர். ஆனால் பந்தைப் பெற்றவர், அடுத்து எவருக்குக் கொடுப்பது என நோக்கும்போது இனத்தை நோக்கவில்லை. வெற்றிடத்தில் நிற்பவர் எவர் என்பதையே நோக்கினார். 1962-இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டுகளில் மலாயா வெண்கலப் பதக்கம் பெற்றது. ஆகவே சொந்த நாட்டில் பெற்ற வெற்றி வெறும் வீட்டுக்குள் வீரமன்று. வெளிநாட்டிலும் அது மெய்ப்பிக்கப்பட்டது.

போட்டியைக் கணக்கிடுவது எவ்வாறு?

இங்கு ஒரு சிறு கணக்கைக் கற்போம். தோட்டத்தில் போட்டி நடத்த விரும்பும் இளைஞர் மன்றத்தினருக்கு இது பயன்படும்.

போட்டிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகை சுற்றுமுறை. இதில் ஒவ்வோர் அணியும் ஏனைய எல்லா அணிகளுடனும் ஆடும். ஒரு தோட்டத்தில் ஐந்து டிவிஷன்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மற்ற நான்குடன் ஆட வேண்டும். ஐந்தை நான்கால் பெருக்கினால் 20. ஆனால் முதல் டிவிஷன் இரண்டாம் டிவிஷனுடன் ஆடுவதும், இரண்டாவது முதலாவதுடன் ஆடுவதும் ஒரே ஆட்டமாதலால், 20-ஐ இரண்டால் வகுக்க வேண்டும். ஆக 10 ஆட்டங்கள். அந்நாளில் வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி வழங்கினர். இந்நாளில் வெற்றிக்கு மூன்று புள்ளி. சமநிலைக்காகப் பதுங்கி ஆடுவதைக் குறைத்து, வெற்றிக்காக ஆடத் தூண்டுவதே இம்மாற்றத்தின் நோக்கம்.

இரண்டாம் வகை வெளியேற்றுமுறை. தோற்ற அணி வெளியேறும். எட்டு அணிகள் என்றால் ஏழு அணிகள் தோற்று வெளியேற வேண்டும்; ஆகவே ஏழே ஆட்டங்கள். நாள் குறைவாக இருந்தால் இம்முறை நன்று. ஆனால் ஒரு நாள் சோர்ந்த அணி, தன் திறமையைக் காட்ட மறு வாய்ப்பின்றி வீடு திரும்பும்.

இரண்டையும் இணைத்தே பெரிய போட்டிகள் நடைபெறுகின்றன. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1930-ஆம் ஆண்டின் முதல் உலகக் கிண்ணம்.

உருகுவாய் காட்டிய வழி

தென்னமெரிக்காவில் உருகுவாய் என்னும் சிறிய நாடு உள்ளது. 1930-இல் அதன் மக்கள் தொகை இருபது இலட்சத்திற்கும் குறைவு. அந்நாடு தன் முதல் அரசியலமைப்புச் சட்டம் இயற்றப்பெற்ற நூறாம் ஆண்டைக் கொண்டாடும் பொருட்டு, முதல் உலகக் கிண்ணத்தை நடத்த முன்வந்தது. விருந்தினர் அணிகளின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாக அறிவித்தது. அப்படியிருந்தும் ஐரோப்பாவிலிருந்து நான்கு நாடுகளே வந்தன. கப்பலில் இரு வாரப் பயணம் என்பதால் மற்றவை தயங்கின.

மொத்தம் 13 அணிகள். ஒரு பிரிவில் நான்கு அணிகள். மற்ற மூன்று பிரிவுகளில் மும்மூன்று அணிகள். நான்கு அணிகள் உள்ள பிரிவில் 6 ஆட்டங்கள். மூன்று அணிகள் உள்ள பிரிவு ஒவ்வொன்றிலும் 3 ஆட்டங்கள், ஆக 9. கூட்டினால் 15. அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. மொத்தம் 18 ஆட்டங்கள். மேலே கற்ற கணக்கு இங்கு சரியாகப் பொருந்துவதைக் காணலாம்.

நூற்றாண்டு நினைவாக மொண்டிவிடியோ நகரில் "சென்டனாரியோ" அரங்கம் கட்டப்பட்டது. போட்டி ஜூலை 13-ஆம் நாள் தொடங்கியபோது அரங்கின் வேலை முடியவில்லை. ஜூலை 18-ஆம் நாள், அரசியலமைப்பின் நூறாவது ஆண்டு நிறைவன்று, உருகுவாயும் பெருவும் ஆடிய ஆட்டத்துடன் அது திறக்கப்பட்டது. அதில் உருகுவாயின் ஒரே கோலை அடித்தவர் ஹெக்டர் காஸ்த்ரோ. சிறுவயதில் விபத்தொன்றில் வலது முன்கையை இழந்தவர் அவர்.

ஜூலை 30-ஆம் நாள் இறுதியாட்டம் உருகுவாய்க்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்தது. எவருடைய பந்தைக் கொண்டு ஆடுவது என்பதிலேயே தகராறு எழுந்தது. முதற்பாதியில் ஒரு நாட்டின் பந்தையும், மறுபாதியில் மற்ற நாட்டின் பந்தையும் பயன்படுத்துவதென முடிவாயிற்று. முதற்பாதி முடிவில் உருகுவாய் 1-2 எனப் பின்தங்கியிருந்தது. சொந்தக் கூட்டம் திகைத்து நின்றது. இரண்டாம் பாதியில் மூன்று கோல்களை அடித்து, 4-2 என உருகுவாய் வென்றது. நான்காவது கோலை அடித்தவர் அதே காஸ்த்ரோதான். மறுநாள் நாடு முழுதும் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது.

இவ்வெற்றியைச் சொந்தத் திடலின் பரிசென்று மட்டும் கூற முடியுமா? உருகுவாய் 1924-இலும் 1928-இலும் ஐரோப்பா சென்று ஒலிம்பிக் காற்பந்தில் தங்கம் வென்ற நாடு. 1930 போட்டிக்கு முன்னர் அதன் ஆட்டக்காரர்கள் வீட்டை விட்டு விலகி, ஒரே இடத்தில் தங்கி, கட்டுப்பாட்டுடன் பயிற்சி பெற்றனர். இரவில் அனுமதியின்றி வெளியே சென்று திரும்பிய புகழ்பெற்ற கோல்காவலர் மஸாலி அணியிலிருந்தே நீக்கப்பட்டார். ஒலிம்பிக் தங்கம் வென்றவராயிற்றே என்று எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விடியுமுன் நிரைக்குச் செல்லும் ஒழுங்கு இதுவேயன்றோ?

தில்லியில் வெறுங்கால் வெற்றி

நமக்கு நெருக்கமான மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1951-ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதுதில்லியில் முதலாம் ஆசிய விளையாட்டுகள் நடைபெற்றன. சுதந்திரம் பெற்று நான்காண்டுகள் நிறையாத இந்தியா, பதினொரு நாடுகளை ஒன்றுகூட்டியது. காற்பந்தில் இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என வென்று, இறுதியாட்டத்தில் ஈரானை எதிர்கொண்டது. சாகு மேவலால் அடித்த ஒரே கோலால் 1-0 என வென்று தங்கம் பெற்றது. அணித் தலைவர் சைலேன் மன்னா. பயிற்றுநர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர் என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்ற நான் சற்றுப் பெருமையுடன் குறிப்பிடுகிறேன்.

அக்கால இந்திய ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் நெடுங்காலம் அவ்வாறே ஆடினர். ஆனால் அடுத்த ஆண்டே, 1952-இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர்ந்த மண்ணில், யூகோஸ்லாவியாவிடம் 1-10 என இந்தியா தோற்றது. அதன் பின்னரே காலணி கட்டாயமாக்கப்பட்டது. பழகிய மண்ணில் போதுமானது, பழகாத மண்ணில் போதாது என்னும் பாடம் அது. அப்பாடத்தைக் கற்றதால், அதே ரஹீமின் பயிற்சியில் 1962-இல் ஜக்கார்த்தாவில் இந்தியா மீண்டும் தங்கம் வென்றது. தோல்வியை மறைத்து வைத்திருந்தால் இவ்வெற்றி கிட்டியிராது.

சொந்தத் திடலின் நன்மையும் சுமையும்

இப்போது இளைஞரின் கேள்வியை நேராக எடுத்துக்கொள்வோம். சொந்த நாட்டில் ஆடுவதால் நன்மை இல்லையா? உண்டு. முதலாவது, பயணக் களைப்பு இல்லை. இரண்டாவது, தட்பவெப்பம் பழகியது. நம் நாட்டின் புழுக்கமும் மாலை மழையும் குளிர்நாட்டார்க்குக் கடினம். மூன்றாவது, திடலின் மேடு பள்ளமும் புல்லின் தன்மையும் தெரியும். நான்காவது, உணவும் உறக்கமும் வழக்கம்போல் அமையும். ஐந்தாவது, கூட்டத்தின் ஆரவாரம் சோர்ந்த காலுக்கு வலிமை தரும். சில வேளைகளில் நடுவரின் மனத்தையும் அது அசைப்பதுண்டு.

ஆனால் அதே ஆரவாரம் சுமையாகவும் மாறும். 1950-ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தைப் பிரேசில் நடத்தியது. கடைசி ஆட்டத்தில் சமநிலை கண்டாலே கிண்ணம் பிரேசிலுக்கு. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் திரண்டனர். முதல் கோலையும் பிரேசிலே அடித்தது. எனினும் உருகுவாய் 2-1 என வென்றது. அரங்கம் மயானம்போல் அமைதியாயிற்று. பின்னர் 2014-இல், மீண்டும் சொந்த நாட்டில், அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-7 எனப் பிரேசில் தோற்றது.

1930 முதல் 2022 வரை நடந்த 22 உலகக் கிண்ணங்களில் போட்டியை நடத்திய நாடே வென்றது ஆறு முறைதான்: 1930-இல் உருகுவாய், 1934-இல் இத்தாலி, 1966-இல் இங்கிலாந்து, 1974-இல் மேற்கு ஜெர்மனி, 1978-இல் அர்ஜென்டினா, 1998-இல் பிரான்ஸ். ஏனைய பதினாறு முறை விருந்தினரே கிண்ணத்தைக் கொண்டு சென்றனர்.

மெர்டேக்கா கிண்ணத்தின் கதையும் அவ்வாறே. 1961-இலும் 1962-இலும் இந்தோனேசியா வென்றது. 1964-இல் பர்மா, இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்றது. தென்கொரியா பன்முறை வென்றது. நாம் 1968-இல் மீண்டும் வென்றோம். பின்னர் 1973, 1974, 1976, 1986, 1993 ஆகிய ஆண்டுகளிலும் வென்றோம். எழுபதுகளில் மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆர். ஆறுமுகம் ஆகியோர் நாட்டின் கண்மணிகளாகத் திகழ்ந்தனர். தம் நீண்ட கைகளால் பந்தைப் பற்றி "ஸ்பைடர்மேன்" எனப் பெயர் பெற்ற ஆறுமுகம், கிள்ளான் மண்ணின் மைந்தர். 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அதே மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியைப் பெற்ற அணியின் கோல்காவலர் அவர். ஆப்கானிஸ்தான் விவகாரத்தால் நம் நாடு அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் அவ்வணி மாஸ்கோ செல்லவில்லை. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் காலமானபோது இன வேறுபாடின்றி நாடு வருந்தியது.

பந்துக்குள் நம் உழைப்பு

தோட்டத் தொழிலாளர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பழங்காலத்தில் பந்தின் உள்ளே பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்து ஊதினர். அது எளிதில் கிழியும், உருண்டையாகவும் இராது. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கந்தகத்துடன் இரப்பரைச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டறிந்தார். அதன் பின்னர், 1860-களில், இங்கிலாந்தில் ரிச்சர்ட் லிண்டன் என்பவர் இரப்பர்ப் பையைப் பந்துக்குள் வைத்தார். பந்து வட்ட வடிவம் பெற்றது. ஒரே சீராகத் துள்ளியது. இன்றைய காற்பந்து அதன் பின்னரே இயன்றது.

பிரேசிலின் காட்டு மரமாகிய இரப்பர், விதையாக இலண்டனுக்குச் சென்று, 1877-இல் நாற்றாகச் சிங்கப்பூர் வந்து, மலாயாவில் வேரூன்றியது. விடியுமுன் எழுந்து, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்கள் நம் முன்னோர். காற்பந்து உலகெங்கும் பரவிய அந்தப் பத்தாண்டுகளில், எத்தனையோ நாட்டுச் சிறுவர் உதைத்த பந்துகளுக்குள் மலாயாவின் பால் இருந்திருக்கும். அரங்கில் கைதட்டுவோர் வரிசையில் மட்டுமன்றி, பந்தின் உள்ளேயும் நமக்கு இடமுண்டு.

திடல்கள் எங்கே?

இறுதியாக, மனத்தை உறுத்தும் ஒரு செய்தியைக் கூறாமல் இப்பாடத்தை முடிக்க இயலவில்லை. பெட்டாலிங் ஜெயா நகரம் ஐம்பதுகளில் எஃபிங்காம் என்னும் இரப்பர்த் தோட்டத்து நிலத்தில் எழுந்தது. 1998-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் புக்கிட் ஜாலிலில் தேசிய அரங்கம் எழுந்தது. அவ்வட்டாரமும் முன்னர் தோட்டமே. நம் மக்கள் அங்கே குடியிருந்து மரம் வெட்டினர். புக்கிட் ஜாலில் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அதற்குச் சான்று. நெடிய இடைவெளிக்குப் பின்னர் 2023-இல் மெர்டேக்கா போட்டி அவ்வரங்கில் மீண்டும் நடைபெற்றது. அவ்வாண்டு இறுதியாட்டத்தில் தாஜிகிஸ்தானிடம் 0-2 எனத் தோற்றோம். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் லெபனானை 1-0 என வென்று கிண்ணத்தை மீட்டோம்.

பழைய மெர்டேக்கா அரங்கமோ 2007-இல் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. அதனைப் பழைய வடிவுக்கு மீட்ட பணிக்காக 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதும் கிடைத்தது. பெரிய அரங்கங்கள் காக்கப்படுகின்றன, மகிழ்ச்சி. ஆனால் சிறிய திடல்கள்? தோட்டம் துண்டாடப்படும்போது முதலில் மறைவது லயத்து வீடுகளுக்கு முன்னிருந்த திடல். கோயில் மரத்தடியும் பள்ளிக்கூடமும் நினைவில் நிற்கின்றன. திடலுக்காகக் குரல் கொடுப்போர் குறைவு. அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிள்ளை, கார் நிறுத்துமிடத்தில் பந்தை உதைக்கிறான்; கண்ணாடி உடைந்ததென ஏச்சு வாங்குகிறான்.

கம்போங் மேடானில் 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிகழ்ந்த இனக் கைகலப்பில் ஆறு உயிர்கள் பலியாயின. 1958-இல் ஒரே குரலில் ஆர்ப்பரித்த நாட்டில், ஒரே கிண்ணத்தைக் கொண்டாடிய மக்களின் பிள்ளைகளிடையே அது நிகழ்ந்தது. ஆகவே கிண்ணம் வென்றால் ஒற்றுமை தானே வந்துவிடும் என நான் சொல்லமாட்டேன். நெருக்கமான வீடுகளும், குறைந்த வருமானமும், ஒருவரையொருவர் அறியாத அயலும் சேர்ந்தால், சிறு பொறியும் தீயாகும். கிண்ணத்தின் களிப்பு ஒரு நாளில் அடங்கிவிடும். நாள்தோறும் மாலையில் அகமதும் ஆறுமுகமும் ஆ சோங்கும் ஒரே பந்தைத் துரத்தும்போது உண்டாகும் பழக்கமோ நீடிக்கும். எவனுடைய தகப்பனார் எவர், எவன் வீட்டில் எவருக்கு நோய் என்பது அத்திடலில் தெரிந்துவிடும். தெரிந்தவன்மீது கல்லெறிவது கடினம்.

கூட்டம் முடிந்தபின் அவ்விளைஞர் என்னிடம் வந்தார். "சார், தாத்தா சொன்னது சரி. ஆனா நிரையே இல்லன்னா எங்க போய் வெட்டுறது?" என்று கேட்டார். அதற்கு உரையால் விடை கூற இயலாது. தோட்டத்திலோ குடியிருப்பிலோ ஒரு திடல் எஞ்சியிருக்குமாயின், அதன் புல்லை வெட்டுங்கள்; கோல் கம்பத்தை நடுங்கள்; வாரம் ஒரு நாளாவது பிள்ளைகளை, எவ்வினத்தவராயினும், அங்கே கூட்டுங்கள். நிலத்துக்கு வேறு திட்டம் வருகிறதெனில், திடல் எங்கே அமையும் என்பதைக் கூட்டத்தில் முதலாவதாகக் கேளுங்கள். எழுத்தில் பதில் பெறுங்கள். பயன்படும் திடலைப் பறிப்பது, புதர் மண்டிய திடலைப் பறிப்பதைப் போல் எளிதன்று.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சொந்தத் திடலில் ஆடுவதன் நன்மைகளுள் மூன்றைக் கூறுக. அது சுமையாக மாறியதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

2. உங்கள் தோட்டத்தில் ஆறு அணிகள் உள்ளன. சுற்றுமுறையில் எத்தனை ஆட்டங்கள்? வெளியேற்றுமுறையில் எத்தனை?

3. மெர்டேக்கா கிண்ணத்தை 1960-இல் இரு நாடுகள் பகிர்ந்துகொண்டது ஏன்? இன்றாயின் என்ன செய்வர்?

4. பெரியவர் கூறிய "பழகின நிரை" என்னும் உவமையை விளக்குக.

5. நீங்கள் சிறுவயதில் ஆடிய திடல் இன்று எவ்வாறு உள்ளது? உங்கள் பிள்ளைகள் எங்கே ஆடுகின்றனர்? இவ்வினாவுக்கு விடையை ஏட்டில் எழுத வேண்டா. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கூறுக.